வான்கோழியும் மிச்சக் கணக்கும்

நத்தார் முடிந்த அடுத்த நாள், அதாவது டிசம்பர் 26 ஆம் திகதி, கனடாவில் எத்தனையோ வீடுகளில் பிரிட்ஜைத் திறந்தால் ஒரே காட்சிதான். வெள்ளித்தாள் சுற்றிய ஒரு பெரிய தட்டு. அதற்குள் பாதி தின்ற வான்கோழி. பால் வைக்க இடமில்லை, முட்டை வைக்க இடமில்லை. முதல் நாள் விருந்தே இன்னும் செமிக்கவில்லை. "இதை என்ன செய்யிறது?" என்பதுதான் வீட்டுக்கு வீடு கேள்வி.

விருந்து நாளைப் பற்றி ஆயிரம் பேர் எழுதுவார்கள். எனக்கு எழுத விருப்பம் அந்த அடுத்த நாளைப் பற்றித்தான். சமையல் குறிப்புத் தேடுகிறவர்கள் பயப்பட வேண்டாம், அதுவும் நடுவில் வரும். பி.கொம் படிக்கிற பிள்ளை எழுதுவதால் கொஞ்சம் கணக்கும் சேர்ந்துதான் வரும். பொறுத்துக்கொள்ளுங்கள் :-)

முதலில், ஏன் இவ்வளவு மிஞ்சுகிறது? ஆளுக்கு ஒரு இறாத்தல் அல்லது ஒன்றரை இறாத்தல் கணக்கில் வான்கோழி வாங்கச் சொல்வார்கள். எங்கள் வீட்டுக்கு வருவது 15 இறாத்தல், ஏறக்குறைய 7 கிலோ. அது பத்துப் பேருக்கு மேல் சாப்பிடுகிற அளவு. நாங்கள் ஐந்து பேர். அதிலும் அம்மம்மா தொடமாட்டா. வான்கோழியைப் பார்த்தால் மயிலின் சொந்தக்காரன் மாதிரி இருக்கிறதாம், முருகன் கோவிப்பாராம். ஆக நாலு பேர். எலும்பு போனால் இறைச்சி ஏறக்குறைய பாதி. நாலு பேரும் வயிறு முட்டச் சாப்பிட்டாலும் 2 கிலோவுக்கு மேல் அப்படியே கிடக்கும். பெரிய மாமா, சின்ன மாமா, சித்தப்பா குடும்பம் என்று எல்லாரும் ஒரு மேசையில் கூடுகிற வீட்டுக்கு அளவெடுத்த பறவை அது. ஸ்காபரோவில் இரண்டு அறை அப்பார்ட்மென்ட் வீட்டுக்கு அளவெடுத்தது இல்லை.

இது வீட்டுப் பிரச்சினை மட்டும் இல்லை. அமெரிக்காவில் ஸ்வான்சன் என்ற உணவு நிறுவனத்துக்கும் ஒருமுறை இதே தலையிடி வந்ததாக ஒரு கதை உண்டு. 1953 இல் நன்றி நவிலல் நாள் முடிந்த பிறகு 260 தொன் வான்கோழி விற்காமல் தேங்கிவிட்டதாம். வைக்க இடமில்லாமல் குளிரூட்டிய 10 ரயில் பெட்டிகளில் ஏற்றினார்களாம். ரயில் ஓடினால்தான் குளிர் நிற்குமாம். அதனால் நாட்டின் நடுவுக்கும் கிழக்குக் கரைக்குமாக ஓட்டிக்கொண்டே இருந்தார்களாம். கடைசியில் ஜெரி தோமஸ் என்ற விற்பனையாளர், விமானத்தில் சாப்பாடு தருகிற தட்டைப் பார்த்து, அதே மாதிரி அறை பிரித்த அலுமினியத் தட்டில் வான்கோழி, பட்டாணி, வற்றாளங்கிழங்கு எல்லாம் வைத்து உறையவைத்து விற்கலாம் என்று யோசனை சொன்னாராம். அதுதான் டிவி டின்னர். ஸ்வான்சன் குடும்பத்தார் இந்தக் கதையை மறுத்திருக்கிறார்கள். அதனால்தான் நானும் இத்தனை "ஆம்" போட்டேன். ஆனால் அந்தத் தட்டு உண்மை, அதில் வான்கோழி இருந்ததும் உண்மை.

இந்தக் கதையை வகுப்பில் கேட்டபோது எனக்கு ஒரு சொல்தான் நினைவுக்கு வந்தது. மிச்சம். தமிழில் சட்டியில் கிடப்பதும் மிச்சம், சேர்த்துவைப்பதும் மிச்சம். "நேற்றையான் கறி மிச்சம் கிடக்கு" என்றால் ஒன்று. "இந்த மாசம் நூறு டொலர் மிச்சம் பிடிச்சன்" என்றால் இன்னொன்று. ஒரே சொல்லுக்குள் பழங்கறியும் சேமிப்பும் இருக்கின்றன. ஆனால் முதலாவது மிச்சம் தானாக இரண்டாவது மிச்சம் ஆகாது. நடுவில் யாரோ நின்று வேலை செய்யவேண்டும். எங்கள் வீட்டு வான்கோழியில் நான் பார்த்தது அதைத்தான்.

அந்த வான்கோழி எங்கிருந்து வருகிறது என்று சொல்லவில்லையே. 2023 வரைக்கும் நாங்கள் அதை வாங்கினதே இல்லை. அப்பா வேலை செய்கிற தொழிற்சாலையில் நத்தாருக்கு முதல் கிழமை, நிரந்தரத் தொழிலாளர் எல்லாருக்கும் ஆளுக்கொரு உறைந்த வான்கோழி கொடுப்பார்கள். கனடாவில் இது பழைய வழக்கம். "நிரந்தர" என்ற சொல்லைக் கொஞ்சம் கவனியுங்கள்.

நானும் தம்பியும் அம்மாவும் அம்மம்மாவும் கனடா வந்தது 2012 இல். அப்பா அதற்கு முன்னமே வந்துவிட்டார். முதல் நாலு வருடம் அவர் அந்தத் தொழிற்சாலையில் ஏஜென்சி மூலமாகத்தான் வேலை செய்தார். அதே மெஷின், அதே வேலை, ஆனால் சம்பளச் சீட்டு வேறு இடத்திலிருந்து வரும். 2014 இல்தான் நிரந்தரமாக்கினார்கள். அந்த டிசம்பரில் முதல் வான்கோழி வீட்டுக்கு வந்தது. அதுவரை எங்கள் அவண் அடுப்பு தாச்சிகளும் பொரிக்கிற சட்டிகளும் அடுக்கிவைக்கிற அலுமாரியாகத்தான் இருந்தது (தமிழ் வீட்டில் வளர்ந்தவர்களுக்கு இது விளங்கும்). எல்லாவற்றையும் வெளியே எடுத்துக் கழுவி, பறவையை மூன்று நாளுக்கு மேல் பிரிட்ஜில் வைத்து உருகவிட்டு, அம்மா முதல் முதலாக அதை உள்ளே தள்ளினா. உப்புக் காணாது, உறைப்பே இல்லை. ஆனாலும் அப்பா படம் எடுத்து ஊருக்கு அனுப்பினார். வான்கோழிதான் அவருக்கு வேலை நிரந்தரமான அத்தாட்சிப் பத்திரம்.

அப்பாவுக்குப் பின்னேரம் 3 மணியிலிருந்து இரவு 11 மணி வரைக்கும் வேலை. நாங்கள் பள்ளிக்கூடத்தால் வரும்போது அவர் போய்விடுவார். அவர் வரும்போது நாங்கள் நித்திரை. சனி ஞாயிறு ஓவர்டைம் இல்லாவிட்டால்தான் பார்க்கலாம். டிசம்பர் 25 தொழிற்சாலை மூடியிருக்கும். அன்று சாப்பிட்டு முடிந்ததும் எங்கள் வீட்டில் ஒரு வேலை தொடங்கும். தமிழ்க் கடையில் இலவசமாகக் கிடைக்கிற பத்திரிகையை மேசையில் விரித்து, நாலு பேரும் சுற்றி இருந்து எலும்பு வேறு இறைச்சி வேறாகப் பிரிப்போம். இளஞ்சூட்டில் பிரித்தால் இறைச்சி இலகுவாகக் கழரும். ஆறவிட்டால் இறுகிவிடும். ஒரு மணித்தியாலம் பிடிக்கும்.

2019 நத்தார் இரவு, தொடையெலும்பைக் கழற்றிக்கொண்டு இருக்கும்போது அப்பா தன்பாட்டில் சொன்னார்.

"ஏஜென்சியில இருந்த நாலு வருசமும் உந்தப் பெட்டியளை லொறியால இறக்கினது நான்தான். பெட்டிக்கு ரெண்டு கிடக்கும். எண்ணி அடுக்கிவிடுவன். ஒண்டும் எனக்கில்லை. பின்னேரம் பஸ்ஸுக்கு நிக்கேக்க அவையள் காருக்குள்ள வைச்சுக்கொண்டு போவினம்."

தம்பி கேட்டான், "உங்களுக்குக் கோவம் வரேல்லையா அப்பா?"

"கோவம் என்னத்துக்கு? கை விறைச்சுப்போய்க் கிடந்தது, அதுதான் ஞாபகம்."

அம்மாவுக்கும் அது அன்றுதான் தெரியும். ஒருவரும் ஒன்றும் பேசவில்லை. எலும்பைப் பிரித்து முடித்தோம்.

சரி, இனிச் சமையலுக்கு வருவோம். வான்கோழியில் எல்லா இறைச்சியும் ஒன்று இல்லை. அது நாள் முழுக்க நடந்து திரிகிற பறவை. உழைக்கிற காலிலும் தொடையிலும் நிறம் கூடிய, கொழுப்புள்ள இறைச்சி. பறப்பது குறைவு என்பதால் நெஞ்சு வெள்ளை, அதில் கொழுப்புக் குறைவு. அதனால்தான் திரும்பச் சூடாக்கினால் நெஞ்சிறைச்சி மரத்தூள் மாதிரி ஆகிறது. இதை விளங்கிக்கொண்டால் பாதிப் பிரச்சினை தீர்ந்தது.

தொடையிறைச்சி பிரட்டல் கறிக்கு. வெங்காயம், உள்ளி, இஞ்சி, கறிவேப்பிலை வதக்கி, யாழ்ப்பாணத்துக் கறித்தூள் போட்டுக் குழம்பு தடித்த பிறகுதான் இறைச்சியைச் சேர்க்கவேண்டும். அது ஏற்கெனவே வெந்தது, இன்னொருமுறை வேகவைக்கத் தேவையில்லை, நன்றாகக் கொதித்தால் போதும். நெஞ்சிறைச்சி கொத்துரொட்டிக்கு. நாராகப் பிய்த்து, லீக்ஸும் முட்டையும் ரொட்டியும் கொத்தி முடிகிற நேரத்தில் போட்டு, மேலே கறிக் குழம்பு ஒரு அகப்பை விட்டால் காய்ந்த இறைச்சி என்று ஒருவரும் கண்டுபிடிக்க மாட்டார்கள். எலும்பெல்லாம் பெரிய பானைக்குள். இரண்டு மணித்தியாலம் அவிந்தால் எலும்பு மூட்டுகளில் இருக்கிற பசை தண்ணீரில் இறங்கும். பிரிட்ஜில் வைத்தால் ஜெலி மாதிரி உறையும். அதில் மிளகு, சீரகம், மல்லி, உள்ளி தட்டிப் போட்டால் எலும்பு ரசம். பனிக்காலத் தடிமனுக்கு அதைவிட நல்ல மருந்து எங்கள் வீட்டில் இல்லை.

கடைசியில் மிஞ்சுகிற துண்டு துணுக்கு எல்லாம் றோல்ஸுக்கு. உருளைக்கிழங்கோடு பிசைந்து, பச்சைமிளகாய் போட்டு, தோசை மாதிரி மெல்லிசாகச் சுட்ட மாவில் சுற்றி, முட்டையில் தோய்த்து, ரஸ்க்தூளில் பிரட்டிப் பொரிக்கவேண்டும். ஐம்பது றோல்ஸ் வரும்.

இந்த இடத்தில் அம்மம்மாவைப் பற்றிச் சொல்லவேண்டும். திருவெம்பாவை சில வருடங்களில் நத்தாரோடு மோதும். அப்போது பிரித்த இறைச்சி அப்படியே ஃப்ரீஸருக்குள் போய், திருவாதிரை முடிந்த பிறகுதான் வெளியே வரும். அவ இறைச்சி சாப்பிடாவிட்டாலும், ஒரு துண்டு குப்பைக்குள் போனால் பார்த்துக்கொண்டு இருக்கமாட்டா. 1995 ஒக்ரோபர் 30 இல் வலிகாமம் முழுக்க இடம்பெயர்ந்தபோது சோற்றுப் பானையை அடுப்பிலேயே விட்டுவிட்டு வந்தவ. "என்ன எறிஞ்சாலும் எனக்கு அந்தப் பானைதான் ஞாபகம் வரும் பிள்ளை" என்பா. அதற்கு மேல் அதைப் பற்றிப் பேசமாட்டா.

பிரச்சினை என்னவென்றால், அவவுக்குத் தெரிந்த வழி, கறிச்சட்டியை அடுப்பிலேயே வைத்துக் காலையும் மாலையும் கொதிக்கவைப்பது. பிரிட்ஜ் இல்லாத ஊரில் புளிவிட்ட மீன்குழம்பை அப்படித்தான் காப்பாற்றினார்கள். ஆனால் 4 பாகைக்கும் 60 பாகை செல்சியஸுக்கும் நடுவில்தான் கிருமிகள் வேகமாகப் பெருகும். சில கிருமிகள் விட்டுப்போகிற நஞ்சு கொதிக்கவைத்தாலும் போகாது. சமைத்த வான்கோழி இரண்டு மணித்தியாலத்துக்குள் பிரிட்ஜுக்குப் போகவேண்டும். ஆழமான சட்டியில் வைத்தால் நடுப்பகுதி குளிர நேரம் எடுக்கும், தட்டையான சின்னப் பெட்டிகள்தான் நல்லது. மூன்று நாலு நாளுக்குள் சாப்பிடவேண்டும், முடியாவிட்டால் ஃப்ரீஸர். திரும்பச் சூடாக்கும்போது 74 பாகை வரவேண்டும்.

இதையெல்லாம் அம்மம்மாவுக்கு எப்படிச் சொல்வது? நான் ஒவ்வொரு பெட்டியிலும் வெள்ளை டேப் ஒட்டி, என்ன கறி, எத்தனையாம் திகதிக்குள் முடிக்கவேண்டும் என்று தமிழில் எழுதிவைத்தேன். அவ கண்ணாடி போட்டு ஒவ்வொன்றாக வாசித்துவிட்டுக் கேட்டா: "இப்பிடி எழுதிவைச்சா எறியமாட்டியள்தானே?" இல்லை என்றேன். அதோடு அடுப்புச் சட்டி விவகாரம் முடிந்தது. இப்போது திகதி நெருங்கினால் எங்களைக் கலைத்துக் கலைத்துச் சாப்பிடவைப்பது அவதான்.

மிச்ச இறைச்சிக்குக் கறி வைப்பது எங்கள் குணம் மட்டும் என்று நினைத்துவிடாதீர்கள். வெள்ளைக்காரர் இதை எங்களிடமிருந்து எப்போதோ எடுத்துவிட்டார்கள். 1861 இல் இங்கிலாந்தில் வந்த இசபெல்லா பீற்றனின் வீட்டு நிர்வாகப் புத்தகத்தில், முதல் நாள் மிஞ்சிய ஆறின இறைச்சியை என்ன செய்வது என்பதற்கு ஒரு வழி கறி. பிரித்தானியாவில் இன்றைக்கும் நத்தாருக்கு அடுத்த நாள் வான்கோழிக் கறி வைக்கிற வீடுகள் இருக்கின்றன. 'மல்லிகட்டானி' சூப் என்று அவர்கள் வைப்பதும் எங்கள் மிளகுத்தண்ணியின் பெயர்தான். ஆக 25 ஆம் திகதி நாங்கள் அவர்கள் மாதிரிச் சாப்பிடுகிறோம், 26 ஆம் திகதி அவர்கள் எங்கள் மாதிரி. கணக்குச் சரி.

இனி உண்மையான கணக்கு. 2024 டிசம்பரில் அப்பா வெறுங்கையோடு வந்தார். தொழிற்சாலை வான்கோழி கொடுப்பதை நிறுத்தி, 40 டொலர் பெறுமதியான மளிகைக் கடைக் கார்ட் கொடுத்துவிட்டது. வணிகம் படிக்கிறவளாகப் பார்த்தால் அது நியாயமான முடிவுதான். இறக்கி அடுக்கத் தேவையில்லை, குளிர்க் களஞ்சியம் தேவையில்லை. சைவம் சாப்பிடுகிறவர்கள் இருக்கிறார்கள், ஹலால் சாப்பிடுகிறவர்கள் இருக்கிறார்கள், அவரவர் விருப்பம். (கார்டும் நிரந்தரத் தொழிலாளருக்கு மட்டும்தான். அது மாறவில்லை.)

நான் எக்செல்லில் ஒரு அட்டவணை போட்டேன். வான்கோழி வாங்கினால் பிரிக்க 1 மணித்தியாலம், கறியும் ரசமும் ஒன்றரை, றோல்ஸ் இரண்டரை. மொத்தம் 5 மணித்தியாலம், பெரும்பாலும் அம்மாவுடையது. அப்போது ஒன்ராறியோவில் குறைந்தபட்சச் சம்பளம் மணிக்கு 17.20 டொலர். ஐந்து மணிக்கு 86 டொலர். ரொட்டி, லீக்ஸ், முட்டை, எண்ணெய் 24 டொலர். ஆக மிச்சத்தைச் சாப்பிடுவதற்கே 110 டொலர் செலவு! பறவையின் விலை இன்னும் சேரவில்லை. அதே கார்டுக்குக் கோழிக்கால் வாங்கினால் ஒரு கிழமைக்குக் காணும். அம்மாவின் நேரத்துக்கு விலை பூச்சியம் என்று வைத்தால் மட்டும்தான் மிச்சம் லாபம். நாட்டின் மொத்த உற்பத்திக் கணக்கிலும் வீட்டுச் சமையல் சேர்வதில்லை என்பது வேறு விஷயம்.

அம்மாவிடம் காட்டினேன். "அப்ப இத்தனை வருசத்து 86 டொலரையும் எனக்குத் தா" என்றா முதலில். பிறகு கேட்டா: "சரி, கோழி வாங்கினா அப்பா அந்தப் பெடியளுக்கு என்னத்தைக் கொண்டு போறது?"

ஐம்பது றோல்ஸ் என்றேன் அல்லவா. அதில் முப்பது, தொழிற்சாலை திறக்கிற அன்று அப்பாவோடு போகும். ஏஜென்சியில் வேலை செய்கிற பெடியளுக்கு. இப்போது அதில் பஞ்சாபி மாணவர்கள் கனபேர், எங்கள் ஆட்கள் கொஞ்சப் பேர். 2014 இலிருந்து ஒரு வருடமும் தப்பவில்லை. ஏன் கொண்டு போகிறார் என்று அப்பா எங்களுக்குச் சொன்னதும் இல்லை. 2019 க்குப் பிறகு நாங்கள் கேட்டதும் இல்லை.

"கோழியிலயும் றோல்ஸ் செய்யலாம்தானே அம்மா?"

"கோழியெண்டா அளந்து வாங்குவம் பிள்ளை. அளந்து வாங்கினா மிஞ்சாது. மிஞ்சினாத்தான் குடுக்கக் கை வரும்."

என் அட்டவணையில் பிழை இல்லை. இப்போதும் அதைச் சரி என்றுதான் சொல்வேன். ஆனால் அதில் ஒரு வரி கூடச் சேர்க்கவேண்டி இருந்தது, அதற்கு என்ன விலை போடுவது என்று எந்தப் பாடப்புத்தகத்திலும் இல்லை. அதனால் விலையை விட்டுவிட்டு நேரத்தைப் பங்குபோட்டோம். றோல்ஸ் மா சுடுவது நான், சுற்றுவது தம்பி, பொரிப்பது அப்பா. அம்மாவின் ஐந்து மணித்தியாலம் இரண்டாகக் குறைந்தது. இதுதான் நான் பி.கொம் படித்ததால் வீட்டுக்குக் கிடைத்த ஒரே நன்மை என்று தம்பி சொல்லித் திரிகிறான் :-)

வான்கோழியை நத்தாருக்கு வாங்கவில்லை. பண்டிகை முடிந்ததும் கடைகள் தேங்கிப்போன உறைந்த வான்கோழிகளை விலை குறைத்துத் தள்ளும். 2025 ஜனவரி முதல் கிழமையில் கார்டைக் கொண்டுபோய் ஒன்று எடுத்தோம். கார்டில் காசும் மிஞ்சியது. திருவெம்பாவை முடிந்து, 14 ஆம் திகதி பொங்கலும் பொங்கி, 19 ஆம் திகதி ஞாயிற்றுக்கிழமை அதை அவணில் வைத்தோம். விருந்து என்று ஒன்றும் இல்லை. சோற்றோடு கொஞ்சம் சாப்பிட்டுவிட்டு, நேரே பத்திரிகையை விரித்துப் பிரிக்கத் தொடங்கிவிட்டோம். அடுத்த நாள் பின்னேரம் அப்பா இரண்டு பெட்டி றோல்ஸோடு வேலைக்குப் போனார்.

உங்கள் வீட்டில் விருந்துக்கு அடுத்த நாள் என்ன நடக்கும்? மிஞ்சுவது எங்கே போகிறது, அதை யார் இருந்து பிரிக்கிறார்கள்? வான்கோழியாக இருக்கவேண்டும் என்று இல்லை, கலியாண வீட்டுச் சாம்பாராக இருந்தாலும் சரி, சொல்லுங்கள். றோல்ஸில் பச்சைமிளகாய் கூடப் போடலாமா என்பது பற்றியும் கருத்து வரவேற்கப்படுகிறது. அதில் மட்டும் எங்கள் வீட்டில் இன்னும் உடன்பாடு வரவில்லை.